காஞ்சித் தறியும் அறுவைக்கூடத்துப் பொறிக்கையும்



காஞ்சிபுரம் என்றவுடன் கோயில்களும் பட்டும் நம் நினைவிற்கு வருகின்றன. கோயிலைக் காண வருவோர் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கின்றனர். பட்டு வாங்க வருவோர் கரையையும் முந்தியையும் விரித்துப் பார்க்கின்றனர். அப்பட்டை நெய்தவருடைய முழங்காலை எவரும் பார்ப்பதில்லை. இன்று அந்த முழங்காலைப் பற்றியும், அதனைச் செப்பனிட மனிதர் கண்ட வழிகளைப் பற்றியும் சிறிது பேச விரும்புகிறேன்.

என்னிடம் முன்னர்ப் படித்த மாணவர் ஒருவர் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறார். இப்போது ஐம்பத்தைந்து வயதைக் கடந்துவிட்டார். ஒருநாள் மாலை கைத்தடி ஊன்றியவராய் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். "ஐயா, வலக்கால் மூட்டுத் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். டாக்டர் தம் கையாலேயே செய்வது ஒரு முறையாம். ரோபோ யந்திரத்தின் துணையோடு செய்வது மற்றொரு முறையாம். இரண்டாவதற்குச் செலவு கூடுதல். அந்தக் கூடுதல் தொகை, மகளுக்குக் கல்லூரியில் கட்ட வைத்திருக்கும் பணம். யந்திரம் மனிதனைவிட நன்றாக வெட்டுமா? நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

நான் மருத்துவன் அல்லேன், சரித்திரம் கற்பித்தவன். ஆயினும் ஒரு புதிய பொருளின் மதிப்பை அறிய விரும்புவோர் அது வந்த வழியை முதலில் அறிய வேண்டும் என்று முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லி வந்தவன். ஆகவே அவருக்கு அவ்வழியைச் சொன்னேன். அதனையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

அவ்வழி அவருடைய தறியிலேயே தொடங்குகிறது. காஞ்சி நெசவாளர் தரையில் தோண்டிய குழியினுள் கால்களைத் தொங்கவிட்டு அமர்வர். கைகள் நாடாவைச் செலுத்த, கால்கள் மிதிகட்டைகளை மாறி மாறி மிதிக்கும். சேலையின் உடலுக்கு ஒரு நிறமும் கரைகளுக்கு வேறு நிறமும் வருமாறு மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்வதைக் கோர்வை என்பர். அதற்கு நெசவாளர் ஒருவர் போதார். பக்கத்தில் உதவியாளும் வேண்டும். கொடியும் மயிலும் அன்னமும் துணியில் எழ வேண்டுமாயின், ஒவ்வொரு ஊடைக்கும் எந்தெந்தப் பாவு இழைகள் உயர வேண்டும் என்பது முன்னரே வகுக்கப்பட வேண்டும். பண்டை நாளில் அத்திட்டத்தை 'அடை' எனப்படும் நூற்கட்டுகளில் கட்டி வைத்தனர். இழைகளை முறைப்படி தூக்குவதற்கும் ஓர் ஆள் துணை நின்றார்.

இதே தொல்லை பிரெஞ்சு நாட்டுப் பட்டு நகரமாகிய லியோனிலும் இருந்தது. அந்நகரத்தவராகிய ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர், தமக்கு முன்னோர் செய்த முயற்சிகளைத் திருத்தி, 1804ஆம் ஆண்டில் ஒரு பொறியை அமைத்தார். துளையிட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியின் மேல் ஓடவிட்டார். துளையுள்ள இடத்தில் ஊசி நுழையும், உரிய இழை உயரும். துளையில்லாத இடத்தில் ஊசி தடைப்படும், இழை உயராது. திட்டம் முழுவதும் அட்டையில் அடங்கிவிட்டது. பிற்காலத்தில் அந்தப் பொறி காஞ்சிக்கும் வந்தது. இன்று நம் தெருக்களில் தறிக்கு மேலே அட்டைகள் தொங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அட்டை எந்த இழையைத் தூக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டது. இழை அறுந்தால் முடிவதும், பாவின் இறுக்கத்தை விரல் நுனியால் அறிவதும், கோர்வை பிசகாமல் கரையைச் சேர்ப்பதும் நெசவாளரிடமே நின்றுவிட்டன. அதே வேளையில், இழைகளைத் தூக்கி வந்த உதவியாளின் வேலை குறைந்தது. யந்திரம் வரும்போது சில வேலைகள் போகும், சில வேலைகள் நிற்கும். எது போகிறது, எது நிற்கிறது என்று பிரித்தறிவதே அறிவுடைமை.

துளையிட்ட அட்டை தறியோடு நின்றுவிடவில்லை. ஆங்கில நாட்டுக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் 1830களில் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு அதனையே கட்டளை ஏடாகக் கொண்டார். ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்த படம் ஒன்றை அவர் தம் இல்லத்தில் வைத்திருந்தார். அதனை நெய்ய ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. 1890ஆம் ஆண்டில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தொகுக்கத் துளையிட்ட அட்டைகள் பயன்பட்டன. 1952இல் அந்நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், துளையிட்ட காகித நாடாவின் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் பொறியைச் செய்து காட்டினர். பட்டு இழையைத் தூக்கப் பிறந்த கருத்து, ஒன்றரை நூற்றாண்டில் இரும்பைக் கடையும் கருத்தாக வளர்ந்தது.

இத்தகைய பொறிகளுக்குப் பெயர் தந்தது ஒரு நாடகம். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தில்தான் 'ரோபோ' என்னும் சொல் முதலில் வழங்கியது. கட்டாய வேலை என்னும் பொருளுடைய செக் சொல்லிலிருந்து அது பிறந்தது. 1961இல் அமெரிக்க மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் யூனிமேட் என்னும் பொறிக்கை, காய்ச்சி வார்த்த உலோகத் துண்டுகளை எடுத்து வைக்கும் பணியில் அமர்ந்தது. தொழிற்சாலைகளில் நிலைத்த முதல் ரோபோ அதுவே.

இனி, மருத்துவத்தின் பக்கம் திரும்புவோம். இதற்கும் நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உளது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. காலம் ஏறத்தாழ கி.பி. 1068. அக்கோயிலைச் சார்ந்து கல்விச் சாலையும் மாணவர் விடுதியும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் நடந்தமையை அது கூறுகிறது. அம்மருத்துவமனையில் வைத்தியர் ஒருவர் இருந்தார். அறுவை செய்பவர் தனியே இருந்தார். மருந்து மூலிகை கொணர்வோரும், நோயாளிகளைப் பேணும் பெண்டிரும் இருந்தனர். இவர்களுக்கு உரிய நெல்லும் காசும் கல்வெட்டில் வகுக்கப்பட்டுள்ளன. அறுவை மருத்துவம் தனித் தொழில் என்பதை நம் முன்னோர் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்று.

எனினும் எலும்பு மூட்டைத் திறந்து மாற்றுவது அக்காலத்தில் எந்நாட்டாருக்கும் இயலாத செயல். அதற்கு மூன்று துணைகள் வேண்டியிருந்தன. மயக்க மருந்து 1846இல் பலரறிய வழக்கிற்கு வந்தது. புண்ணில் கிருமி புகாமல் காக்கும் முறையை ஜோசப் லிஸ்டர் 1867இல் வெளியிட்டார். உடலின் உள்ளே எலும்பைக் காட்டும் எக்ஸ்ரே கதிரை ராண்ட்ஜன் 1895இல் கண்டார்.

முழங்கால் என்பது வெறும் கதவுக் கீல் அன்று. தொடை எலும்பின் உருண்ட முனைகள் கீழ்க்கால் எலும்பின் தட்டையான தலைமேல் உருள்கின்றன. உருளும்போதே சறுக்கவும் சிறிது திரும்பவும் செய்கின்றன. எலும்போடு எலும்பு உராயாதபடி வழவழப்பான குருத்தெலும்பு இடையே உளது. இருபக்கமும் நடுவிலும் தசைநார்கள் இழுத்துப் பிடிக்கின்றன. முதுமையாலும் உடற்பருமனாலும் பழைய காயத்தாலும் நெடுங்காலம் மூட்டில் விழும் சுமையாலும் குருத்தெலும்பு தேய்கிறது. எலும்புகள் உராய்கின்றன, வலி பிறக்கிறது, கால் வளைகிறது.

1890ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து மருத்துவர் தெமிஸ்டாக்லிஸ் குளுக் என்பார் யானைத் தந்தத்தால் கீல் செய்து முழங்காலில் பொருத்தினார். காசநோயால் அரிக்கப்பட்ட மூட்டுகளில் அதனை அமைத்தமையால் சீழ் பிடித்தது, முயற்சி நிலைக்கவில்லை. 1950களில் உலோகக் கீல்கள் வந்தன. அவை ஒரே அச்சில் மட்டும் மடங்கின. இயற்கை மூட்டோ உருண்டு சறுக்கித் திரும்புவது. ஆகவே கீல்கள் விரைவில் தளர்ந்தன.

வழியைத் திருப்பியவர் இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணிபுரிந்த ஜான் சார்ன்லி. அவர் இடுப்பு மூட்டிற்கு உலோகப் பந்தும் நெகிழிக் கிண்ணமும் அமைத்தார். முதலில் தேர்ந்த டெஃப்லான் சில ஆண்டுகளிலேயே தேய்ந்தது. தோல்வியை மறைக்காமல் வேறு பொருளைத் தேடி, 1962இல் உறுதிமிக்க பாலிஎதிலீனைக் கைக்கொண்டார். பல் மருத்துவர் கையாண்ட அக்ரிலிக் பசையால் அதனை எலும்பில் பதித்தார். அவரிடம் பயில வந்த கனடா நாட்டு பிராங்க் கன்ஸ்டன், பொறியியலும் கற்றவர். அவர் 1968இல் அதே கருத்தை முழங்காலுக்குக் கொண்டுவந்தார். 1974இல் நியூயார்க் நகரில் ஜான் இன்சாலும் அவருடைய தோழர்களும் இன்றைய முழங்கால் மூட்டுகளுக்கு முன்மாதிரியான அமைப்பை வழக்கிற்குக் கொண்டுவந்தனர்.

'மூட்டு மாற்று' என்னும் பெயரைக் கேட்டு முழங்காலையே எடுத்துவிடுவர் என அஞ்சுவோர் பலர். உண்மையில், தேய்ந்த மேற்பரப்பைச் சில மில்லிமீட்டர் அளவிற்குச் சீவி எடுத்து, தொடை எலும்பின் முனைக்குப் பெரும்பாலும் கோபால்ட் குரோமியத்தாலான உறையும், கீழெலும்பின் தலைக்கு உலோகத் தட்டும், இடையே பாலிஎதிலீன் பலகையும் அமைக்கின்றனர். சொத்தைப் பல்லுக்கு உறை போடுவது போன்றதே இது.

இவ்வேலையின் உயிர்நிலை அளவில் இருக்கிறது. இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவிற்கு ஒரு நேர்கோடு வரைந்தால் அது முழங்காலின் நடுவே செல்ல வேண்டும் என்பது நெடுநாள் வழங்கிய விதி. அக்கோட்டிலிருந்து மூன்று பாகைக்குள் இருத்தலே நன்று என மருத்துவர் கருதி வந்தனர். கோடு மட்டும் சரியாயிருந்தால் போதாது. கால் நீட்டியபோதும் மடக்கியபோதும் இருபக்கத்துத் தசைநார்களும் ஒத்த இறுக்கத்தில் நிற்க வேண்டும். இதனைச் சொன்னவுடன் என் மாணவர் முகம் மலர்ந்தது. "பாவு ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால் துணி கோணும், அதுபோலவா ஐயா?" என்றார். அதைவிடச் சிறந்த உவமையை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை.

வழக்கமான முறையில், அறுவை மருத்துவர் தொடை எலும்பின் உட்குழலில் ஒரு கம்பியைச் செலுத்தி, அதில் அளவுச் சட்டங்களைப் பொருத்தி, அவற்றின் பிளவு வழியே வாளைச் செலுத்துவார். அளவு பெரும்பாலும் பொருந்தும்; ஆனால் எல்லார் எலும்பும் ஒரே வார்ப்பில் அமைந்தவை அல்ல. இங்கேதான் அட்டையின் வழிவந்த பொறிக்கும் எலும்பு மருத்துவத்திற்கும் சந்திப்பு நேர்ந்தது.

1985இல் கலிபோர்னியாவில் ஒரு தொழிற்சாலைப் பொறிக்கை, மூளையினுள் ஊசி செலுத்தும் திசையைக் காட்டப் பயன்பட்டது. 1992இல் அதே மாநிலத்துச் சாக்ரமெண்டோ நகரில் ரோபோடாக் என்னும் பொறி மனிதரின் இடுப்பு மூட்டு அறுவையில் பங்கு கொண்டது. அதற்கு முன் நாய்களிடம் அதனைச் சோதித்திருந்தனர். திட்டத்தை ஊட்டிவிட்டால் அப்பொறி தானாகவே தொடை எலும்பைக் குடையும். மருத்துவர் பக்கத்தில் நின்று கண்காணிப்பார். 1994 முதல் ஜெர்மனியில் அது பெரிதும் பரவியது. பின்னர், தசைகள் சேதமுற்று நடை கெட்டது என நோயாளிகள் பலர் வழக்காடினர். முடிவில் அந்நாட்டு மருத்துவமனைகள் அதனைக் கைவிட்டன. எலும்பின் அளவைப் பொறி அறிந்திருந்தது. எலும்பைச் சூழ்ந்த தசையின் நிலையை அறியும் கை அதற்கில்லை.

அப்படிப்பினைக்கு ஏற்ற வேறொரு கருத்து லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வளர்ந்தது. வாள் மருத்துவர் கையில் இருக்கட்டும். வரம்பை மட்டும் பொறி காக்கட்டும் என்பது அதன் சாரம். பேராசிரியர் பிரையன் டேவிஸ் குழுவினர் ஆக்ரோபாட் என்னும் பொறியை அமைத்தனர். 2006இல் வெளியான சோதனையில், முழங்காலின் ஒரு பாதியை மட்டும் மாற்றும் அறுவையை இரு முறைகளிலும் செய்து ஒப்பிட்டனர். பொறியின் துணையோடு செய்த 13 முழங்கால்களும் திட்டத்திற்கு இரண்டு பாகைக்குள் அமைந்தன. வழக்கமான முறையில் செய்த 15இல் ஆறு மட்டுமே அவ்வாறு அமைந்தன. அதே 2006இல் அமெரிக்காவில் மேக்கோ என்னும் பொறிக்கையும் முழங்கால் அறுவையில் இறங்கியது. முழு மூட்டு மாற்றத்திற்கு அதற்கு 2015இல் அந்நாட்டு அரசின் இசைவு கிட்டியது. இந்தியாவிலும் சென்னை முதலிய நகரங்களின் தனியார் மருத்துவமனைகளில் இத்தகைய பொறிகள் பல இன்று வழக்கில் உள்ளன.

இவற்றுள் ஒருவகைப் பொறி தொழிற்படும் முறையைக் கேளுங்கள். முன்னதாகச் சி.டி. ஸ்கேன் எடுத்து நோயாளியின் எலும்பைக் கணினியில் முப்பரிமாண வடிவாக அமைப்பர். எவ்வளவு சீவுவது, எந்த அளவு உறை இடுவது என்று மருத்துவர் அதில் திட்டமிடுவார். அறுவையின்போது தொடை எலும்பிலும் கீழெலும்பிலும் சிறு குறிகளை நாட்டுவர். ஒரு கருவிக்கண் அக்குறிகளை நோக்கி, கால் எங்கே அசைந்தாலும் எலும்பு இருக்கும் இடத்தைக் கணினிக்கு உணர்த்தும். மருத்துவர் காலை நீட்டியும் மடக்கியும் தசைநாரின் இறுக்கத்தை அளந்து, தேவையாயின் திட்டத்தைத் திருத்துவார். பிறகு பொறிக்கையில் பூட்டிய வாளைத் தாமே பிடித்துச் செலுத்துவார். வகுத்த எல்லைக்குள் அது தடையின்றிச் செல்லும். எல்லையைத் தாண்ட முயன்றால் பொறி இறுகி நிற்கும். ஜக்கார்டு அட்டையில் துளையில்லாத இடத்தில் ஊசி தடைப்படுகிறதே, அதனை ஒத்தது இது.

இனி, என் மாணவரின் வினாவிற்கு வருவோம். பொறியின் துணையோடு வெட்டும்போது திட்டத்திற்கும் வெட்டுக்கும் உள்ள வேறுபாடு குறைகிறது. இதனை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அதனால் நோயாளி குறைந்த வலியுடன், சிறந்த நடையுடன், நீண்ட காலம் வாழ்கிறார் என்பது இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. முழுமையாக மாற்றிய முழங்கால் மூட்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 82, இருபத்தைந்து ஆண்டுகள் நிலைக்கின்றன என்று அது மதிப்பிட்டது. அவ்வாறு நிலைத்த மூட்டுகள் பொருத்தப்பட்ட காலத்தில் முழங்காலுக்கு ஏது ரோபோ? அம்மூட்டுகளை அமைத்தவை பயின்ற மனிதக் கைகளே.

செலவையும் மறத்தல் ஆகாது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நடுவணரசின் மருந்து விலை ஆணையம் முழங்கால் உறுப்புகளுக்கு விலை வரம்பு விதித்தது. சராசரியாக 1,58,324 ரூபாய் விலை குறிக்கப்பட்டிருந்த கோபால்ட் குரோமிய மூட்டிற்கு வரியின்றி 54,720 ரூபாய் என்று வரையறுத்தது. நம் மாநிலத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மூட்டு மாற்று அறுவை செய்யப்படுகிறது. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022இல் ரோபோ அறுவைக் கூடமும் திறக்கப்பெற்றது. அது வயிறு முதலிய மென்மையான உறுப்புகளுக்குரிய வகை. பொறிகள் வரும், காலப்போக்கில் விலையும் குறையும். கருவி பணமுள்ளார் தெருவோடு நின்றுவிடாமல் பிள்ளையார்பாளையம் வரை வர வேண்டும். அது கல்வெட்டில் 15 படுக்கைகளைப் பொறித்த மரபின் கடமை.

நான் அவரிடம், "மருத்துவரைக் கண்டு மூன்று வினாக்கள் கேளுங்கள். இவ்வறுவையை நீங்கள் எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? என் காலுக்குப் பொறியால் தனி நன்மை உண்டா, உண்டெனில் யாது? அறுவைக்குப் பின் என்ன பயிற்சி, எத்தனை நாள்? இவற்றிற்குப் பொறுமையாக விடை சொல்பவரிடம் உங்கள் காலை ஒப்படையுங்கள்" என்றேன்.

அவர் ஓர் அரசு மருத்துவமனையில், கூடுதல் பணம் கட்டாமல், தேர்ந்த மருத்துவர் ஒருவரின் கையால் அறுவை செய்துகொண்டார். பல வாரங்கள் வலியைப் பொறுத்துக் காலை நீட்டி மடக்கிப் பழகினார். அப்பயிற்சியை எந்த யந்திரமும் அவருக்காகச் செய்திருக்க முடியாது. தறிக்குழியில் இறங்குவதை விட்டுவிட்டார். உயர்த்தி அமைத்த தறியில் பலகைமேல் அமர்ந்து நெய்கிறார். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் பயில்வது பொறியியல்.

மாணவ மாணவியரே, உங்களுள் சிலர் நாளை இத்தகைய பொறிகளை ஆக்கக்கூடும். சிலர் அவற்றைக் கையாளும் மருத்துவராகக்கூடும். அப்போது புதியது என்பதனாலேயே ஒன்றைப் போற்றாதீர்கள். பழகியதன்று என்பதனாலேயே ஒதுக்கவும் வேண்டா. பொறி எதை நினைவில் வைக்கிறது, மனிதர் எதை உணர வேண்டியிருக்கிறது, அதன் பயன் யாரைச் சென்று அடைகிறது என்று கேளுங்கள். அடுத்த முறை காஞ்சிக்கு வரும்போது ஒரு தறியின் முன் சற்று நேரம் நில்லுங்கள். மேலே ஓடும் அட்டையையும், நடுவே இயங்கும் கையையும், கீழே மிதிக்கும் காலையும் ஒருங்கே பாருங்கள்.